பார்வையாளர் இல்லாத நாடகம்

எட்டாம் வகுப்பு ஆண்டுவிழாவில் கட்டபொம்மன் நாடகம். நான் ஈட்டி பிடித்த சிப்பாய், வசனம் கிடையாது. ஒரு மாதம் ஒத்திகை பார்த்தோம். வரலாறு ஒரு வரிகூட மண்டையில் ஏறவில்லை. அதனால் “நாடகம் போட்டா பசங்க நல்லா படிப்பாங்க” என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த ஈட்டிதான் ஞாபகம் வரும்.

அந்தச் சந்தேகத்தோடு தேடியபோது கிடைத்தவர் ஹாரியட் ஃபின்லே-ஜான்சன். இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் சோம்ப்டிங் என்ற கிராமத்துப் பள்ளிக்கு 1897இல் தலைமை ஆசிரியையாக வந்தவர்.

அந்தக் காலத்துப் பள்ளிகள் எப்படி இருந்தன என்று தெரிந்தால்தான் அவர் செய்தது புரியும். 1862இல் அங்கே ஒரு விதி வந்தது. ஆய்வாளர் வந்து பிள்ளைகளை வாசிப்பு, எழுத்து, கணக்கில் சோதிப்பார். எத்தனை பேர் தேறுகிறார்களோ அதற்கேற்ப மானியம். ஆசிரியர்கள் என்ன செய்வார்கள்? உருப்போட வைத்தார்கள். 1890களில் விதி போனது, பழக்கம் போகவில்லை.

ஹாரியட் வகுப்பில் பிள்ளைகளே வரலாற்றுக் கதையைக் காட்சிகளாகப் பிரித்தார்கள், வசனம் எழுதினார்கள். அரசன் என்ன பேசியிருப்பான் என்று தெரியாவிட்டால் புத்தகத்தைத் தேடிப் படித்தாக வேண்டும். விஷயமே அதுதான். பெரியவர்கள் கண்ணுக்கு நாடகம் அரைகுறையாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, அது பிள்ளைகளுடையதாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. 1911இல் இதைப் புத்தகமாகவே எழுதினார்.

அதே ஆண்டு எட்மண்ட் ஹோம்ஸ் என்பவரும் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் ‘எஜீரியா’ என்ற புனைபெயரில் அவர் புகழ்ந்த ஆசிரியை ஹாரியட்தான். ஹோம்ஸ் தொடக்கப் பள்ளிகளின் தலைமை ஆய்வாளராக இருந்தவர். அந்த மானிய விதியின் கீழ் பல வருடம் பிள்ளைகளைச் சோதித்தவர். அவரே சொல்வதால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

என் தொழிலில் டெமோவுக்காக எழுதும் கோட் ஒன்று, வேலை செய்வதற்காக எழுதும் கோட் ஒன்று. நான் ஈட்டி பிடித்தது டெமோ. என் மகள் பள்ளி ஆண்டுவிழாவில் இப்போது வசனத்தையும் முன்னாடியே பதிவு செய்துவிடுகிறார்கள். பிள்ளைகள் வாயசைத்தால் போதும்.

போன வாரம் அவள் பிரெஞ்சுப் புரட்சி பாடத்தை உருப்போட்டுக்கொண்டிருந்தாள். “நீதான் பதினாறாம் லூயி. கஜானா காலி. என்ன பண்ணுவ?” என்றேன்.

“வரி போடுவேன்.”

“யார் மேல?”

கொஞ்ச நேரம் முழித்தாள். “இருப்பா, யார் யார் வரி கட்டுனாங்கன்னு பாக்கணும்” என்று மூடின புத்தகத்தை மறுபடி திறந்தாள்.