கூதிர்கால நீத்தார் விழாக்களின் பழமை

ஐரோப்பிய நாடுகளில் அக்டோபர்த் திங்களின் இறுதியிலும் நவம்பர்த் திங்களின் தொடக்கத்திலும் நீத்தாரை நினைந்து எடுக்கப்படும் விழாக்கள் பல உள. அவற்றுள் அயர்லாந்துக் கெல்தியரின் சௌவின் விழாவும், சிலாவியருள் பெலாரசு மக்களின் ஜியாதி விழாவும் கிறித்துவத்திற்கு முற்பட்ட நீத்தார் வழிபாட்டின் எச்சங்கள் என்பர் பலர். இக்கூற்றின் வலிமையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சௌவின் நவம்பர் 1-ஆம் நாளில் அமைவது. கோடை மேய்ச்சல் முடிந்து கால்நடைகள் ஊர் திரும்பும் பருவத்தது. அந்நாளில் அரசரும் வீரரும் கூடி விருந்துண்டனர் என அயர்லாந்துப் பழங்கதைகள் கூறும். 'சீ' எனப்படும் மண்மேடுகள் திறக்க, அவற்றுள் உறையும் மாய மாந்தர் வெளிப்படுவர். ஆண்டுதோறும் இந்நாளில் தாரா நகரை எரித்துவந்த அய்லேனை ஃபின் என்னும் வீரன் கொன்றான். ஆயின் இம்மாய மாந்தர் அவ்வக் குடும்பத்தின் இறந்த முன்னோர் அல்லர் என்பது கருதத்தக்கது. மேலும், இக்கதைகளைத் தாங்கி இன்று கிடைக்கும் ஏடுகளுள் மிகப் பழையதே 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டியது. எழுதியோரும் கிறித்துவத் துறவியரே. பிரான்சு நாட்டுக் கொலிஞியில் 1897-இல் கிடைத்த வெண்கல நாட்காட்டி 'சமோனியின் மூன்று இரவுகள்' எனக் குறிக்கின்றது. அதனுள்ளும் நீத்தார் பற்றிய சொல் இல்லை.

எனின், நீத்தார் விழா என்னும் கருத்து யாண்டிருந்து வந்தது? சௌவின் கெல்தியரின் ஆண்டுப் பிறப்பு என்பதை ஜான் ரைசு 1886-ஆம் ஆண்டுச் சொற்பொழிவுகளில் வலியுறுத்தினார். அதனை நீத்தார் விழாவாகப் பரப்பியவர் ஜேம்சு பிரேசர். ரொனால்டு ஹட்டன் 1996-இல் இதனை மறுத்தார். அவர் காட்டும் சான்றுகளுள் ஒன்று நாட்காட்டி பற்றியது. 800-ஆம் ஆண்டளவில் புனிதர் அனைவர் விழாவை நவம்பர் 1-இல் கொண்டாடியோர் இங்கிலாந்தினரும் செருமானியருமே. அக்காலத்து அயர்லாந்து நாட்காட்டியோ அதனை ஏப்பிரல் 20-இல் வைத்தது. ஆகலின் திருச்சபை அந்நாளைக் கெல்தியரிடமிருந்து பெற்றது எனல் பொருந்தாது. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் கல்லறைத் திருநாள் என வழங்கும் நவம்பர் 2-ஆம் நாள் வழிபாடு, குளூனி மடத்துத் தலைவர் ஓடிலோவால் (மறைவு 1049) நிலைபெற்றதாகும்.

ஜியாதியின் நிலை வேறு. அச்சொல்லே பாட்டன்மார் எனப் பொருள்படும். வீட்டைத் தூய்மை செய்து குளித்தபின் குடும்பத்தார் விருந்திற்கு அமர்வர். தலைவன் இறந்தோரைப் பெயர் சொல்லி அழைப்பான். ஒவ்வோர் உணவிலும் ஒரு பங்கு அவர்க்கென ஒதுக்கப்படும். இறுதியில் விடைகொடுத்து அனுப்புவர். ஆதாம் மிச்கியேவிச்சு 1823-இல் இவ்விழாவின் பெயராலேயே நாடகம் வெளியிட்டார். குருமார் இதனை ஒழிக்க முயன்றமையும், மக்கள் மறைவாகக் கொண்டாடியமையும் அவர் முன்னுரையால் அறியப்படும். குருமார் எதிர்த்ததொன்றைக் குருமாரே புகுத்தினர் எனல் அரிது. எனினும் கூதிர்கால ஜியாதி புனித தெமெத்திரியர் திருநாளுக்கு முந்திய சனிக்கிழமையில் அமைதலின், நாள் திருச்சபையினது. வேனிற்காலத்தும் இத்தகைய நீத்தார் விருந்து உண்மையின், கூதிர் ஒன்றே அதற்கு உரியதன்று.

எனவே நாள், சடங்கு, நம்பிக்கை என்னும் மூன்றனையும் வேறுபிரித்து நோக்கல் வேண்டும். சௌவின் பருவ விழாவாகப் பழமையுடையது. அது நீத்தார் விழாவாகவும் இருந்தது என்பதற்குப் பழஞ்சான்று இல்லை. ஜியாதியின் சான்றுகள் காலத்தால் பிந்தியவை. ஆயின் சடங்கு திருச்சபையின் விருப்பிற்கு மாறாக வாழ்ந்தது. சான்றின் பிற்காலத்தன்மை கொண்டு வழக்கத்தைப் பிற்காலத்தது எனலும், வழக்கத்தின் பழமைத் தோற்றம் கொண்டு சான்று உளதெனலும் ஒருங்கே பிழையாம்.

ஒரு விழாவின் ஆற்றல் அதன் பழமையை மட்டும் பொறுத்ததன்று. மின்சுக்கு நகரை அடுத்த கூராபாதிக் காட்டில் தாலின் காலத்துக் கொல்லப்பட்டோரின் புதைகுழிகள் உள்ளமை 1988 சூனில் வெளிப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 30-இல் மக்கள் ஜியாதியின் பெயரால் திரண்டனர். காவல்துறை கண்ணீர்ப்புகை வீசிக் கலைத்தது. பெயர் சொல்லி அழைக்கப்பெறாது கிடந்தோரை அழைக்க அம்மக்களுக்குப் பாட்டன்மார் விழாவே வழியாயிற்று.