எத்தனை வாட்ஸ் வேண்டும்? - கிடார் ஆம்ப்ளிஃபையரின் கதை

கிடார் வாங்க நாலு கடை ஏறி இறங்குபவர்கள் கூட ஆம்ப்ளிஃபையர் என்று வந்தால் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். "எத்தனை வாட்ஸ்?" இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய சத்தப் போட்டியே இருக்கிறது.

1930களில் அமெரிக்க நடன இசைக்குழுக்களில் டிரம்ஸ், சாக்ஸபோன் நடுவே கிடார் காதிலேயே விழாது. 1932ல் ரிக்கன்பேக்கரின் எலக்ட்ரிக் கிடார் விற்பனைக்கு வந்தது. தோசைக்கல்லுக்குக் கைப்பிடி வைத்தது போல இருந்ததால் அதற்கு வாணலி என்றே பட்டப்பெயர்! கூடவே சின்ன ஆம்ப்ளிஃபையர்களும் வந்தன.

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில் 1938ல் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர் லியோ ஃபெண்டர். அவர் கம்பெனியின் சாம்ப் என்ற ஆம்ப், கிடார் கற்றுக்கொள்பவர்களுக்காகவே செய்தது. 1950களின் கடைசியில் வந்த மாடலில் சுமார் 5 வாட்ஸ், ஒரு 8 அங்குல ஸ்பீக்கர், சத்தத்துக்கு ஒரே ஒரு குமிழ். அவ்வளவுதான். உள்ளே இருப்பது தாத்தா காலத்து ரேடியோவில் இருக்குமே, அதே வகை வால்வுதான். இந்த வால்வுகளுக்கு ஒரு குணம் உண்டு. முழுதாகத் திருகினால் ஒலி கரகரவென்று உடையும். எஞ்சினியர்களுக்கு அது குறை. கிடார்காரர்களுக்கோ அதுதான் ருசி. கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், ஒரு குட்டி எல்பிகோ ஆம்பின் ஸ்பீக்கரை பிளேடால் கிழித்தே அந்தக் கரகரப்பை வரவழைத்தார். 1964ல் உலகமே கேட்டது அந்த ஒலியைத்தான்.

ஆனால் மேடைகள் பெரிதாகிக்கொண்டே போயின. இங்கிலாந்தில் வாக்ஸ் கம்பெனி 15 வாட்ஸில் ஏ.சி.15 செய்தது. ரசிகர்கள் போட்ட கூச்சலில் அது போதவில்லை, உடனே 30 வாட்ஸ். லண்டனில் டிரம்ஸ் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், ஃபெண்டரின் பாஸ்மேன் ஆம்பைப் பார்த்துத் தன் முதல் ஆம்பை உருவாக்கினார். 'தி ஹூ' குழுவினர் இன்னும் வேண்டும் என்றார்கள், 100 வாட்ஸும் வந்தது. 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் 55,000 பேருக்கு மேல் கூடியிருக்க, பீட்டில்ஸ் 100 வாட்ஸ் வாக்ஸ் ஆம்ப்களுடன் வாசித்தார்கள். என்ன பிரயோஜனம்? ரசிகர்கள் அலறலில் அவர்கள் வாசிப்பது அவர்களுக்கே கேட்கவில்லை.

இதற்கு நேர் எதிரான கூத்து 1970ல் மயாமியில் நடந்தது. 'லைலா' பதிவுக்கு எரிக் கிளாப்டனும் டுவேன் ஆல்மனும் பயன்படுத்தியது சின்ன ஃபெண்டர் ஆம்ப்கள்! முன்னால் மைக் வைத்தால் ஆம்பின் அளவு யாருக்குத் தெரியப்போகிறது?

இன்னொரு விஷயம். வாட்ஸ் இரண்டு மடங்கானால் சத்தம் இரண்டு மடங்காகாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரட்டிப்பாகத் தோன்ற சுமார் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். அதாவது 50 வாட்ஸ் ஆம்ப், 5 வாட்ஸ் ஆம்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தம், அவ்வளவே. காசு மட்டும் எகிறும், முதுகும் ஒடியும்.

அதற்காக 5 வாட்ஸ் வால்வு ஆம்ப் வீட்டுக்கு அடக்கமானது என்று நினைத்துவிடாதீர்கள். முழுதாகத் திருகினால் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நிற்பார். இந்தத் தொல்லைக்குத்தான் மாஸ்டர் வால்யூம் வந்தது. 1982ல் 'பாஸ்டன்' குழுவின் டாம் ஷோல்ஸ், ஹெட்ஃபோனில் கேட்கும் ராக்மேன் கருவியைக் கொண்டுவந்தார். 1998ல் லைன் 6 கம்பெனியின் பாட், பழைய ஆம்ப்களின் ஒலியை டிஜிட்டலில் போலி செய்தது. பிறகு ரோலண்டின் மைக்ரோ க்யூப். 2 வாட்ஸ், ஆறு பேனா பேட்டரியில் ஓடும். தினசரி சாதகத்துக்கு இந்த வகைதான் சரி.

சின்ன ஹாலில் டிரம்ஸோடு வாசிப்பதானால் 15, 20 வாட்ஸ் வால்வு ஆம்ப் பெரும்பாலும் போதும். கரகரப்பே இல்லாத சுத்தமான ஒலி வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் கூட வேண்டும். டிரான்சிஸ்டர் வகை என்றால் 50 வாட்ஸ் பக்கம் பார்க்கலாம், ஏனென்றால் அது எல்லை தாண்டி உடையும்போது கேட்கச் சகிக்காது. ஹாலில் மைக் செட் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் தேவையே இல்லை.

அப்புறம், கற்றுக்கொள்பவர்களுக்கென்று விற்ற அந்தப் பழைய சாம்ப்? இன்று நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் ஆயிரம் டாலருக்கு மேல் கேட்கிறார்கள்.