போர்வீரர் பேச்சில் நம்மவர் சொற்கள்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் பெருவீதியில் உள்ளது அக்குறணை. முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் அவ்வூரில், 'முப்தி' என்றால் மார்க்கத் தீர்ப்பு வழங்கும் அறிஞர் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்ததே. அதே சொல் பிரித்தானியப் படையினரின் வாயிலே சீருடையல்லாத சாதாரண உடையைக் குறித்தது என்றால் அவர்கள் வியப்படைவர். அவ்வியப்பு வரலாற்றுப் பாடத்துக்கு நல்லதொரு தொடக்கமாகும்.

போர்களின் வரலாறு பெரும்பாலும் தளபதிகளின் வரலாறாகவே கற்பிக்கப்படுகிறது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்கு மாற்றியதைக் கண்டிப் பிள்ளைகள் அறிந்திருத்தல் நன்றே. ஆயினும், சாதாரண வீரன் எதற்கு அஞ்சினான், எதற்கு ஏங்கினான் என்பதைச் சொல்வது அவனுடைய கொச்சைப் பேச்சேயாகும்.

'பிளைட்டி' என்னும் சொல்லை நோக்குக. அந்நிய நாட்டுக்குரியது எனப் பொருள்படும் 'விலாயத்தி' என்ற உருதுச் சொல்லின் திரிபு அது. இந்தியாவிலிருந்த வெள்ளைச் சிப்பாய்கள் தம் தாய்நாட்டை அப்பெயரால் அழைத்தனர். 1914 முதல் 1918 வரை நடந்த உலகப் போரில், உயிரைப் பறிக்காமல் ஊருக்கு அனுப்பிவைக்கும் காயத்துக்கும் அதுவே பெயராயிற்று. காயம்படுவதையே பேறாக எண்ணிய மனிதனின் துயரம் அச்சொல்லில் அடங்கியிருக்கிறது.

தமிழுக்கும் இதிலே பங்குண்டு. யூல், பர்னல் என்போர் 1886இல் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி, படைப்பிரிவின் தற்காலிகச் சிறைக்கூடம் 'கஞ்சி வீடு' என வழங்கியதைக் குறிப்பிடுகிறது. அடைபட்டவர்க்குக் கஞ்சியே உணவு என்பதால் வந்த பெயர் அது. படைவீரர் அணியும் 'காக்கி'யோ, புழுதியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழிவந்தது.

கொடுத்தது போலவே நாம் கொண்டதும் உண்டு. 'சிப்பாய்' பாரசீகத்திலிருந்தும், 'துப்பாக்கி' துருக்கியிலிருந்தும், 'கப்பித்தான்' போர்த்துக்கேயத்திலிருந்தும் வந்தவை. பாடநூலில் இடம்பெறாத படைநடைகளின் சுவடுகள் நம் நாவிலேயே பதிந்துள்ளன.

எல்லாச் சொற்களும் இனியவை அல்ல. தமிழில் உழைப்பின் ஊதியத்தைக் குறிக்கும் 'கூலி', ஆட்சியாளர் வாயிலும் தோட்டத்துரைமார் வாயிலும் உழைப்பவனையே இழித்துரைக்கும் பெயராயிற்று. மலைநாட்டிலே இதன் வடு ஆழமானது. இத்தகைய சொற்களை மறைப்பதால் பயனில்லை. விளக்கமின்றிச் சொல்வதோ தீங்காகும்.

ஆகவே, ஒவ்வொரு சொல்லையும் யார் சொன்னார், யாரைப் பார்த்துச் சொன்னார், எந்நிலையில் சொன்னார் என்று பிள்ளைகளை வினவச் செய்தல் வேண்டும். அவ்வாறு வினவப் பழகிய பிள்ளை, தன் காலத்து வசைச் சொற்களையும் சிந்தியாமல் வழங்காது.