விழாவுக்குச் சைக்கிளில் வந்த பெண்கள்

இப்போதெல்லாம் நம்மூர் விழா அழைப்பிதழ்களில் 'கார் நிறுத்த வசதி உண்டு' என்று ஒரு வரி தவறாமல் இருக்கிறது. எந்தப் பேருந்தில் வரலாம், எங்கே இறங்கலாம் என்று போடுவார் இல்லை. பூமி சூடாகிறது, பெட்ரோலைக் குறையுங்கள் என்று மேடையில் பேசுகிறவரும் காரில்தான் வந்து இறங்குகிறார். புகையே இல்லாமல் பெருங்கூட்டத்தைத் திரட்டிய ஊர் புதுக்கோட்டை என்பதை இளையவர்களுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

1991-ல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் சூடு பிடித்தது. அப்போது ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துச் சொல்லிக் கொடுக்கப் பெண்கள் முன்வந்தார்கள். ஆனால் உள்கிராமங்களுக்குப் போக வழி வேண்டுமே! ஆகவே சைக்கிள் பழகுவதும் அறிவொளியின் ஒரு பகுதியானது. சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்தார்கள். குடுமியான்மலைப் பக்கம் கல்குவாரியில் வேலை பார்த்த பெண்களும் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் போக, பலர் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். அந்தக் குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பது அவர்கள் கண்ட வசதி. டீக்கடைக் கேலிகள் எனக்கு நினைவிருக்கின்றன. அதையெல்லாம் அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

1992 மகளிர் தினத்தன்று, கைப்பிடியில் கொடி கட்டி, மணியடித்துக்கொண்டு 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் புதுக்கோட்டையை வலம் வந்தார்கள். அவர்கள் வந்த விதமே அன்றைய விழா. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இந்தச் சைக்கிள் இயக்கத்தைப் பற்றி எழுதி, நாடே அறிந்தது.

அதற்கு மூன்று மாதம் கழித்து, ஜூனில், ரியோ டி ஜெனிரோவில் உலகத் தலைவர்கள் கூடிப் பருவநிலை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நம் பெண்கள் அதற்காகச் சைக்கிள் ஏறவில்லை. யார் தயவும் இல்லாமல் போய்வர வேண்டும் என்று ஏறினார்கள். அவர்களுக்கு யாரும் உபதேசம் செய்யவில்லை. பழகிக் கொடுத்தார்கள், கடன் கொடுத்தார்கள், கூட்டமாகப் போகும் துணிச்சலைக் கொடுத்தார்கள். வந்தவருக்கு அது பெருமையாகவும் இருந்தது.

பின்னர் பள்ளி மாணவிகளுக்கு அரசின் விலையில்லா சைக்கிள் வந்தது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வாகனம் இருக்கிறது; விழா நடத்துகிறவர்கள்தான் அதை நினைத்துப் பார்ப்பதில்லை.

புத்தக விழாவோ, கோயில் விழாவோ, அழைப்பிதழில் முதலில் பேருந்து விவரத்தைப் போடுங்கள். வாசலை ஒட்டிய நிழலைச் சைக்கிளுக்கு விடுங்கள், கார் சற்றுத் தள்ளி நிற்கட்டும். முக்கியமாக, கடைசிப் பேருந்து புறப்படுவதற்கு அரை மணி முன்பே நன்றியுரையை முடியுங்கள். எங்களைப் போன்ற வயதானவர்கள் பாதியில் எழுந்து ஓட வேண்டியிருக்காது.