ஜன்னலில் கண்ட நகரம்

1897-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாரீஸ் நகரத்து விடுதி ஒன்றின் மாடியறையில் காமில் பிஸ்ஸாரோ என்னும் ஓவியர் ஜன்னலருகே அமர்ந்திருந்தார். அப்பொழுது அவருக்கு வயது அறுபத்தாறு. கண்ணோய் காரணமாகக் காற்றிலும் தூசியிலும் நின்று வரைய இயலவில்லை. ஆகவே, கீழே நீண்டு கிடந்த மோன்மார்த்ர் பெருவீதியை வெயிலிலும் பனியிலும் இரவிலும் நோக்கிப் பதினான்கு தைலவண்ணச் சித்திரங்கள் தீட்டினார். அவர் பாரீஸில் பிறந்தவரல்லர். கரீபியத் தீவொன்றிலிருந்து வந்தவர்.

அச்சித்திரங்களுள் ஒன்றன் அச்சுப்படியைச் சுவரில் மாட்டி, மான்குர்த்தில் இருந்தவாறே அதைத் திரும்பத் தீட்ட நாம் முற்பட்டோம். பார்த்து எழுதுவதும் ஒரு கல்வியா என்று நகைத்த நண்பர் உண்டு. ஆனால் நம் நாட்டில் தைலவண்ணக் கலை பெரும்பாலும் அவ்வழியேதான் பரவியது. திருவனந்தபுரத்தில் இளைஞர் ரவிவர்மா இக்கலையைக் கற்க விரும்பியபோது, மதுரை ராமசாமி நாயக்கர் கற்பிக்க மறுத்துவிட்டார். நாயக்கரின் சீடரான ஆறுமுகம் பிள்ளை மறைவாக உதவினார் என்பர். 1868-இல் தியோடர் ஜென்சன் என்னும் ஐரோப்பியர் அரண்மனைக்கு வந்தபோதும், அவர் தீட்டுவதை நின்று பார்க்க மட்டுமே ரவிவர்மாவுக்கு அனுமதி கிடைத்தது. கண்ணால் களவாடிய வித்தை அது!

பம்பாயில் ஜே.ஜே. கலைப்பள்ளி 1857-இலேயே தோன்றிவிட்டது. எனினும் ஒளியையே பொருளாகக் கொண்டு நகரத்தைத் தீட்டும் முறைக்கு இங்கே ஊக்கமளித்தவர்களுள் முக்கியமானவர், நாஜிகளின் கொடுமைக்கு அஞ்சி ஆஸ்திரியாவை விட்டு 1938 அளவில் வந்த வால்டர் லாங்ஹாமர். டைம்ஸ் ஆப் இந்தியா பத்திரிகையில் கலை இயக்குநராகப் பணியாற்றிய அவர், இளம் ஓவியர்களைத் தம் இல்லத்திற்கு அழைத்து, ஐரோப்பிய ஓவியங்களின் அச்சுப்படிகளைக் காட்டி விளக்குவார். மூலத்தைக் காணக் கப்பலேற வசதியற்ற இளைஞர்களுக்கு அந்தக் காகிதங்களே காட்சிசாலையாயின.

அவர்களுள் ஒருவர் எஸ்.எச். ரஸா. 1943-இல் பம்பாய்க்கு வந்து, அச்சுக்குரிய பிளாக் செய்யும் நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே நகரத்துத் தெருக்களைத் தீட்டினார். 1947-இல் சூசா, உசேன், ஆரா முதலியோருடன் முற்போக்கு ஓவியர் குழுவில் சேர்ந்தார். 1950-இல் பிரான்சுக்குப் புறப்பட்டார். அவர் பிற்காலத்தில் வரைந்த வட்டத்தையே உலகம் அறியும். நமக்கோ, பெரும்பாலும் நீர்வண்ணத்தில் தீட்டிய அந்தப் பழைய வீதிகளின் மீதே பிரியம். ஊருக்குப் புதியவன் கண் அவற்றில் விழித்திருக்கிறது.

நமது முதற் கித்தான் பாழாயிற்று. பிழை நம்முடையதே. அடிப்பூச்சில் எண்ணெய் குறைந்தும் மேற்பூச்சில் மிகுந்தும் இருத்தல் வேண்டும். நாம் அதைத் தலைகீழாகச் செய்தோம். ஆளிவிதை எண்ணெய் தண்ணீரைப்போல ஆவியாகி உலர்வதன்று. காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி மெல்ல இறுகுவது. எண்ணெய் மிகுந்த அடிப்பூச்சு இறுகுமுன் மேற்பூச்சு இறுகிவிட்டதால், பெருவீதி முழுவதும் வெடித்தது.

இரண்டாவதில் வேறொரு பாடம் காத்திருந்தது. பாரீஸின் சாம்பல் நிறத்தைக் கறுப்பும் வெள்ளையும் கலந்து செய்தோம்; வீதி பிணம்போலக் கிடந்தது. நீலத்தோடு சிறிது ஆரஞ்சைச் சேர்த்து வெள்ளையால் இளக்கியபின்னரே அதில் ஈரமும் குளிரும் ஏறின. நடைபாதையில் மனிதர்களென்று நாம் கருதியவை, அருகில் நோக்கினால், வெறும் குறுந்தீற்றல்கள். அவற்றில் முகம் வரையப்போய் இரண்டு மாலைப்பொழுதுகளை வீணாக்கினோம்.

கித்தானிலிருந்து நிமிர்ந்த ஒரு மாலையில்தான் நம் ஜன்னலைக் கண்டோம். பதினைந்து ஆண்டுகளாக இவ்வூர் நமக்கு ரயிலேறும் இடம்; விடுமுறைக்குத் தமிழகம் போகும்வரை தங்கும் இடம். தேவநார்க் குப்பைமேட்டின் பக்கமிருந்து மங்கல் படர்ந்திருந்தது. அப்பால் டிராம்பே குன்று. வாசி செல்லும் ரயில் விளக்கேற்றிக்கொண்டு சென்றது. அந்த மங்கல் சாம்பல் நிறமென்றே அதுவரை எண்ணியிருந்தோம். அன்று அதில் ஊதாவும், அடியில் மங்கிய மஞ்சளும் தெரிந்தன.

மூன்றாவது கித்தானில் பாரீஸ் இல்லை. மழைக்காலமாதலால் பத்து நாள் கழிந்தும் ரயில் நிலையக் கூரை விரலில் ஒட்டுகிறது.