அப்பு கர் வாசலில் நாமும் நாங்களும்

தமிழில் தன்மைப் பன்மை இரண்டு. கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது ‘நாம்’; அவரை விலக்கிவைத்துப் பேசுவது ‘நாங்கள்’. இந்தியில் இரண்டுக்கும் ‘ஹம்’ ஒன்றே. உளப்படுத்தும் பன்மை, உளப்படுத்தாப் பன்மை என்று வகுப்பறையில் கற்கும் இந்த வேறுபாடு, பெருங்குடும்பம் ஒன்று உல்லாசப் பயணம் புறப்படும் நாளில் வீட்டுக்குள் நிகழ்வதைப் பார்க்கலாம். முந்தைய இரவு ‘நாம் எல்லோரும் போகலாம்’ என்பார்கள். மறுநாள் பூங்காவின் படிக்கட்டருகே, சக்கர நாற்காலியில் இருக்கும் பாட்டியிடமோ தம்பியிடமோ ‘நீ இங்கேயே இரு, நாங்கள் ஒரு சுற்று போய்விட்டு வந்துவிடுகிறோம்’ என்பார்கள். பேசுபவரும் கேட்பவரும் மாறவில்லை. ஆறு அங்குலப் படி ஒன்று குறுக்கே வந்ததால் பன்மை மாறிவிட்டது.

தில்லியின் பொழுதுபோக்கு இடங்களுடைய வரலாற்றை இந்த இரு சொற்களின் வழியே படிக்க முடியும். அதற்குச் சரோஜினி நகர் பொருத்தமான தொடக்கம். விநய் நகர் என்ற பெயரோடு மத்திய அரசு ஊழியர்களுக்காக எழுந்து, பின்னர் சரோஜினி நாயுடுவின் பெயரைப் பெற்ற குடியிருப்பு இது. அண்டையிலுள்ள லட்சுமிபாய் நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி. சற்றுத் தள்ளி ராமகிருஷ்ணபுரத்தில் 1973-இல் குடமுழுக்குக் கண்ட மலை மந்திர். தமிழ் எழுத்தர்களும் பிரிவு அலுவலர்களும் வாழ்ந்த தென் தில்லியின் எல்லைகள் ஏறத்தாழ இவையே. கோடை விடுமுறையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலோ உறவினர் வந்து இறங்கினால், இரண்டு அறைக் குவார்ட்டர்ஸில் பத்துப் பன்னிரண்டு பேர் படுத்துறங்குவது வழக்கம். ஊர் சுற்றுவதும் அதே எண்ணிக்கையில்தான். மின்தூக்கி இல்லாத மாடி வீடுகளில் நடக்க இயலாதவரின் பயணம், வாசலைத் தாண்டும் முன்பே இருவரின் தோள்களில் தொடங்கிவிடும்.

அந்தக் கூட்டங்கள் போன இடங்களுள் ஒன்று பிரகதி மைதானத்தின் அப்பு கர். இந்தியாவின் முதல் கேளிக்கைப் பூங்கா என்று அறியப்பட்ட அதனைப் பிரதமர் ராஜீவ் காந்தி 1984 நவம்பர் 19 அன்று திறந்துவைத்தார். அது இந்திரா காந்தியின் பிறந்த நாள்; அவர் கொல்லப்பட்டு மூன்று வாரங்கள்கூட ஆகியிருக்கவில்லை. தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி தொடங்கி அன்றோடு சரியாக இரண்டு ஆண்டுகள். அந்தப் போட்டியின் சின்னமான அப்பு என்ற யானைக்குட்டியின் பெயரே பூங்காவுக்கு வைக்கப்பட்டது.

அப்பு வெறும் ஓவியமன்று. குட்டிநாராயணன் என்ற கேரளத்து யானைக்குட்டியே அதற்கு மாதிரி. அந்த யானை தன் ஏழாம் வயதில் கழிவுநீர்த் தொட்டி ஒன்றுக்குள் தவறி விழுந்து காலை முறித்துக்கொண்டது. காயம் ஆறவேயில்லை. எஞ்சிய வாழ்நாள் முழுவதும் ஊனமுற்ற காலோடு இருந்து, 2005 மே 14 அன்று குருவாயூரில் இறந்தது. குழந்தைகள் துள்ளி விளையாடிய பூங்காவுக்குப் பெயர் தந்த உயிர் நடக்கச் சிரமப்பட்டது என்பதை அங்கே வந்துபோனவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பார்கள்? இந்தச் செய்தியை உருக்கத்துக்காக மட்டும் நினைவுகூர வேண்டியதில்லை. யானையின் உடலில் பிறவிக் குறை எதுவும் இல்லை. அதன் காலை முறித்தது மனிதர் கட்டிய ஒரு தொட்டி. உடற்குறை வேறு, சமூகம் எழுப்பும் தடைகளால் நேரும் இயலாமை வேறு என்று 1976-இல் பிரிட்டனின் ஊனமுற்றோர் இயக்கம் ஒன்று முன்வைத்த வாதம், பின்னர் ‘சமூக மாதிரி’ என்று பெயர் பெற்றது. கட்டப்பட்ட சூழலே உடலை முடக்கும் என்பதற்குக் குட்டிநாராயணனின் கதையும் ஓர் எடுத்துக்காட்டு.

1984-இல் கட்டப்பட்ட ஒரு பூங்காவிடம் சரிவுப் பாதை எங்கே என்று கேட்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. ராட்சத ராட்டினமும் ரோலர் கோஸ்டரும் ஓடும் உடலுக்கும் ஏறும் காலுக்குமாக உருவானவை. ஊனமுற்றவரை அழைத்து வருவது குடும்பத்தின் பொறுப்பு. குடும்பத்துக்கு ஆள்பலம் இருந்தால் அவர் உள்ளே வருவார். இல்லையென்றால் நிழலில் அமர்ந்து பைகளுக்குக் காவல் இருப்பார். இங்கே பெருங்கூட்டத்துக்கு இரண்டு முகங்கள் உண்டு. நாற்காலியோடு சேர்த்துத் தூக்க நான்கு கைகள் கிடைப்பது கூட்டத்தால்தான். எல்லோருடைய மகிழ்ச்சிக்காகவும் ஒருவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்ற சொல்லப்படாத நெருக்கடி எழுவதும் அதே கூட்டத்தால்தான். ‘எனக்கு இதிலெல்லாம் விருப்பமில்லை’ என்று அவர் சொல்வது பல நேரங்களில் விருப்பத்தைப் பற்றிய கூற்றே அன்று. மற்றவர்களை ‘நாங்கள்’ ஆக்கி அனுப்பிவைக்கும் பெருந்தன்மை.

தில்லியில் இந்த நிலையை அசைத்தது தெருவில் நடந்த போராட்டம். சக்கர நாற்காலியில் இயங்கிய ஜாவேத் அபிதியும் பிறரும் 1995 டிசம்பரில் நடத்திய ஆர்ப்பாட்டத்தைத் தொடர்ந்து, சில நாள்களுக்குள் ஊனமுற்றோர் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 1996 பிப்ரவரி 7 அன்று நடைமுறைக்கு வந்தது. பொதுக் கட்டடங்களிலும் போக்குவரத்திலும் தடை நீக்க வேண்டும் என்ற அதன் பிரிவுகளில், அரசின் ‘பொருளாதாரத் திறனின் வரம்புக்குள்’ என்ற நிபந்தனையும் கூடவே இருந்தது. கடமையை ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கிக்கொள்ளும் தொடர் அது.

அந்த நிபந்தனை எவ்வளவு நெகிழக்கூடியது என்பதை 2001 ஜனவரி காட்டிக்கொடுத்தது. இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் தில்லிக்கு வந்து நினைவுச் சின்னங்களைக் காண விரும்பினார். அபிதியின் வற்புறுத்தலுக்குப் பின் குதுப் மினார், ஜந்தர் மந்தர் உள்ளிட்ட இடங்களில் தற்காலிக மரச் சரிவுகள் போடப்பட்டன. உலகப் புகழ்பெற்ற ஒரு விருந்தினருக்காகச் சில நாள்களில் செய்ய முடிந்தது, நகரத்தின் ஊனமுற்ற குடிமக்களுக்காக அதுவரை ஏன் செய்யப்படவில்லை என்ற கேள்வி அதிலிருந்தே பிறந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஊனமுற்றோர் 2.68 கோடி, தில்லியில் மட்டும் சுமார் 2.35 லட்சம்.

சட்டவியலில் இவ்விடத்தில் இரண்டு கருத்துகளைப் பிரித்தறிவர். ஒன்று, ஒரு தனிமனிதர் வந்து கேட்டபின் அவருக்காகச் செய்துதரும் நியாயமான தகவமைப்பு. மற்றொன்று, யார் வருவார் என்று தெரியும் முன்பே எல்லோருக்குமாகக் கட்டிவைக்கும் அணுகல்தன்மை. ஹாக்கிங்கின் மரச் சரிவு முதல் வகை. சென்னை மெரினாவில் 2022 நவம்பர் 27 அன்று திறக்கப்பட்ட, கடலலை வரை நீளும் 263 மீட்டர் மரப்பாதை இரண்டாம் வகை. திறந்த இரு வாரங்களுக்குள் மாண்டஸ் புயலில் அதன் ஒரு பகுதி சேதமுற்றது. ஆயினும் வாழ்வில் முதல்முறையாகக் கடல்நீரில் கால் நனைத்தவர்களின் படங்கள் செய்தித்தாள்களில் வந்தபோது, அத்தனை ஆண்டுகளாக எத்தனை குடும்பங்கள் மணலின் விளிம்பிலேயே இரண்டாகப் பிரிந்திருக்கும் என்பது புலப்பட்டது.

கூட்டத்தோடு வருவது பற்றிய சிக்கல் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்களில், வரிசையில் காத்திருக்க இயலாதோருக்கு இருந்த உதவி அட்டைமுறை 2013 அக்டோபரில் மாற்றப்பட்டது. ஊனமுற்றவர்களைக் கூலிக்கு அமர்த்திக்கொண்டு வசதி படைத்த சிலர் வரிசையைத் தாண்டினர் என்ற செய்தி அதற்குச் சில மாதங்கள் முன்பு வெளியாகியிருந்தது. 2024-இல் விதிகள் மேலும் இறுகின: ஊனமுற்றவரோடு சேர்த்து நால்வர் வரை, அல்லது நெருங்கிய குடும்பத்தினர். முறைகேட்டைத் தடுக்க ஏதோ ஒரு வரம்பு தேவைதான். ஆனால் சித்தப்பாவும் அத்தை மகனும் எந்தக் கணக்கில் வருவர்? இந்திய ரயில்வேயின் கட்டணச் சலுகையும் ஊனமுற்ற பயணியோடு ஒரே ஒரு துணையாளரைத்தான் எண்ணுகிறது. விதிகளின் மொழியில் உடன் வருபவர் உதவியாளர். அவருக்கு ஒரு பணி உண்டு. பன்னிரண்டு பேர் கொண்ட குடும்பம் ஊனமுற்றவரோடு வருவது பணி செய்வதற்காக அன்று, சேர்ந்திருப்பதற்காக. இந்த வேறுபாட்டுக்கு விண்ணப்பப் படிவத்தில் கட்டம் கிடையாது.

இந்தச் சிக்கலை வேறு முனையிலிருந்து அணுகியது டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் 2010-இல் திறக்கப்பட்ட மோர்கன்ஸ் வொண்டர்லேண்ட். ஊனமுற்ற தன் மகள் மற்றப் பிள்ளைகளோடு விளையாட முடியாமல் நின்றதைக் கண்ட கோர்டன் ஹார்ட்மன் என்ற தந்தை கட்டிய பூங்கா அது. ஊனமுற்றவர்க்கு நுழைவுக் கட்டணம் இல்லை. சக்கர நாற்காலியோடு ஏறும் ஊஞ்சல் உண்டு. குடை ராட்டினத்தில் நாற்காலிக்கென அமைந்த இருக்கை மேடையும் குதிரைகளைப் போலவே ஏறி இறங்கும். தனி வரிசை, தனி விளையாட்டு, தனி நேரம் என்று பிரிக்காமல், அதே சுற்றில் அண்ணனும் தங்கையும் ஒருங்கே சுழல முடிகிறது. அங்கே துணையாளர் எத்தனை பேர் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதேயில்லை. சலுகை தேவைப்படாத இடத்தில் சலுகைக்கு வரம்பும் தேவைப்படாது.

இந்தியச் சட்டமும் ஏட்டளவில் அந்தத் திசையில்தான் நகர்ந்திருக்கிறது. ஐக்கிய நாடுகள் அவையின் ஊனமுற்றோர் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் 1 அன்று ஏற்புறுதி செய்தது; அதன் 30-ஆம் உறுப்பு பொழுதுபோக்கையும் உரிமையாக எண்ணுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவும் அவ்வாறே. தனியார் சேவையாளர்களும் அணுகல் விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்கிறது அதன் 46-ஆம் பிரிவு. ஆனால் 2017-இல் வந்த விதிகளின் கீழ் அமைந்த வழிகாட்டுதல்கள் பெரும்பாலும் பரிந்துரைகளாகவே நின்றன. பார்வைக் குறைபாடுடைய ராஜீவ் ரதூரி 2005-இல் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று அந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. விட்டுக்கொடுக்க முடியாத, கட்டாயமான அளவுகோல்களைத் தனியே வகுக்குமாறு மத்திய அரசுக்கு மூன்று மாதத் தவணையும் தந்தது.

அப்பு கர் 2008 பிப்ரவரியில் மூடப்பட்டது. அதன் நிலம் மெட்ரோவுக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போயிற்று. ராட்டினங்கள் சுழன்ற வளாகத்தில் நீதிமன்றத்தின் கூடுதல் கட்டடத் தொகுதி 2019 ஜூலை 17 அன்று திறக்கப்பட்டது. ஊனமுற்றவரை வாசலில் நிறுத்தாத இடங்கள் வேண்டும் என்று கட்டளையிட்ட நீதிமன்றம், காலில் ஊனமுற்ற ஒரு யானையின் பெயர் தாங்கிய பூங்காவின் நிலத்தில் விரிவடைந்திருக்கிறது. இது தற்செயல்தான், வரலாற்று மாணவர்கள் இதற்கு அதிகப் பொருள் கற்பிக்கத் தேவையில்லை.

சரோஜினி நகரும் மாறிவிட்டது. 2018 ஆகஸ்ட் 6 முதல் இங்கே மெட்ரோ நிலையம் இருக்கிறது. மின்தூக்கியும் பார்வையற்றோருக்கான தொடுதரைப் பாதையும் உண்டு. பழைய குவார்ட்டர்ஸ்கள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிகள் எழுகின்றன. வீட்டிலிருந்து நிலையத்துக்கும், நிலையத்திலிருந்து பூங்காவின் வாயிலுக்கும் சக்கர நாற்காலி செல்வது முன்பைவிட எளிது. வாயிலுக்கு அப்பால் என்ன நடக்கிறது என்பதே இனி ஆராயப்பட வேண்டியது. சரிவுப் பாதைகளையும் கழிப்பறைகளையும் எண்ணும் அணுகல் தணிக்கைகள் தேவையே. அவற்றோடு இன்னொரு கேள்வியையும் சேர்க்கலாம்: பன்னிரண்டு பேராக உள்ளே போன குடும்பம் மாலைவரை எத்தனை முறை பிரிய நேர்ந்தது? வீடு திரும்பும் வழியில் அன்றைய நாளைப் பற்றிப் பேசும்போது, நாற்காலியில் இருப்பவரிடம் மற்றவர்கள் ‘நாம்’ என்று சொன்னார்களா, ‘நாங்கள்’ என்று சொன்னார்களா என்பதைக் கேட்டாலே விடை கிடைத்துவிடும்.