மண்சுவர் மறைவில் ஒரு மேய்ப்பர்

வேதபோதகர் என்றவுடனே நம் மனக்கண்முன் ஓர் உருவம் தோன்றும். கையிலே பாடுபட்ட சுரூபம். எதிரே திரண்ட மக்கள் வெள்ளம். ஆயிரமாயிரம் பேருக்கு ஞானஸ்நானம். முடிவிலே வேதசாட்சி முடி. இவை உண்மைதான். ஆனால் தாய்நாட்டைத் துறந்து சென்ற ஓர் இளங்குருவின் வாழ்நாளில் இத்தகைய நாட்கள் மிகச் சிலவே. மற்ற நாட்களெல்லாம் மொழி படிப்பதிலும், காய்ச்சலில் கிடப்பதிலும், கடிதம் எழுதுவதிலும், இரவில் படகேறிப் பாவசங்கீர்த்தனம் கேட்கச் செல்வதிலும் கழிந்தன. அந்த எளிய நாட்களின் கதையை இந்த ஜூபிலி மலரிலே நினைவுகூர்வது பொருத்தம். ஏனெனில் அது ஒரு குருவின் கதை மட்டும் அன்று. அவரைக் காத்த பங்கு மக்களின் கதையும் ஆகும். அவர்தான் வியட்நாம் நாட்டு வேதசாட்சி, புனித தெயோபான் வெனார்.

சிறுவனின் ஆசை

1829-ம் ஆண்டு நவம்பர் 21-ந் தேதி, பிரான்சு நாட்டின் புவாத்தியே மறைமாவட்டத்தைச் சேர்ந்த சேன் லூ என்னும் சிற்றூரில் தெயோபான் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். மெலானி என்ற அக்காளும், ஆன்றி, யூசேப் என்ற இரு தம்பிகளும் அவருக்கு இருந்தனர். ஒன்பது வயதில் ஆடு மேய்க்கச் சென்ற இடத்தில் ஒரு சிறு நூலை வாசித்தார். அதே மறைமாவட்டத்தில் பிறந்து, வடவியட்நாமாகிய டோன்கினில் 1837-ல் வேதத்திற்காக வெட்டுண்டு மாண்ட கொர்னே சுவாமியாரின் சரிதை அது. தானும் டோன்கின் செல்லவேண்டும், தானும் வேதசாட்சியாக வேண்டும் என்று அன்றே சிறுவன் சொன்னான். பிள்ளைகள் சொல்லும் இத்தகைய சொற்களைப் பெரியவர்கள் சிரித்து மறந்துவிடுவார்கள். இந்தப் பிள்ளை மறக்கவில்லை.

13 வயதில் தாயை இழந்தார். குருமடத்தில் சேர்ந்து படித்து, 1851-ல் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையின் குருமடத்திற்குச் சென்றார். மகன் வேதபோதகம் செய்யத் தொலைதூர நாட்டுக்குப் போனால் திரும்பிவர மாட்டான் என்பது தந்தைக்குத் தெரியும். தெரிந்தும் அனுமதித்து ஆசீர்வதித்து அனுப்பினார். 1852 ஜூன் 5-ந் தேதி தெயோபான் குருப்பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 22 மட்டுமே. அதே ஆண்டு செப்டம்பரில் கப்பலேறினார். புறப்படும் குருக்களின் பாதங்களை, பின்தங்குவோர் ஒவ்வொருவராக வந்து முத்தி செய்து வழியனுப்புவது அக்காலத்தில் அந்தக் குருமடத்தின் வழக்கமாயிருந்தது.

இந்தச் சபை தமிழ் மக்களுக்குப் புதிதன்று. 1776-ல் புதுச்சேரி மிஷனை ஏற்று நடத்தத் தொடங்கியவர்கள் இவர்களே. புதுவை, கோவை, சேலம், கும்பகோணம் பகுதிகளின் பழைய பங்குகளில் பணியாற்றிய குருக்களின் பட்டியலைப் பார்த்தால் பிரெஞ்சுப் பெயர்கள் வரிசையாக நிற்கும். அவர்களும் இதே வாசற்படியைத் தாண்டி வந்தவர்கள்தாம்.

மொழியும் நோயும்

1853 மார்ச் மாதம் ஹாங்காங் வந்து சேர்ந்தார். முதலில் சீனாவுக்கு அனுப்புவதாக ஏற்பாடு. ஆகவே ஓராண்டுக்கு மேல் அங்கே தங்கிச் சீன மொழியைக் கற்றார். பிறகு மேற்கு டோன்கினுக்குப் போகக் கட்டளை வந்தது. சிறுவயதில் ஆசைப்பட்ட அதே நாடு! 1854 ஜூலை 13-ல் அங்கே ஆயர் ரெத்தோர் ஆண்டகையின் திருமுன் போய் நின்றார்.

மறுபடியும் புதிய மொழிப்பாடம். வியட்நாம் மொழியில் ஓசை ஏறினால் ஒரு பொருள், இறங்கினால் வேறு பொருள். வடநாட்டுப் பேச்சில் இத்தகைய ஓசைகள் ஆறு. ஓசை பிசகினால் பிரசங்கம் வேடிக்கையாகிவிடும். இளங்குரு பொறுமையாகக் கற்றார். அந்நாட்டு உடை உடுத்தார். அவர்களைப் போலவே சோறும் மீன் சாறும் உண்டார். நெல் வயல்களும் மூங்கில் புதர்களும் கூரை வீடுகளும் நிறைந்த நாடு அது. விருந்தினருக்கு வெற்றிலை பாக்குக் கொடுத்து உபசரிக்கும் வழக்கம் நம்மிடம் போலவே அங்கும் உண்டு.

அத்திருச்சபையின் அமைப்பும் அறியத்தக்கது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்கள் கொண்ட அந்தப் பெரிய பகுதியில் ஐரோப்பியக் குருக்கள் ஒரு சிலரே. பணியின் பெரும் பாரத்தைச் சுமந்தவர்கள் அந்நாட்டுக் குருக்களும் உபதேசியார்களுமே. 'தேவ இல்லம்' என்ற பெயரில் குருக்களும் உபதேசியார்களும் மாணவரும் ஒரே குடும்பமாகக் கூடி, உள்ளதைப் பொதுவில் வைத்து வாழ்ந்தார்கள். 1670-ல் ஆயர் லம்பேர் தெ லா மோத் ஆண்டகை நிறுவிய 'திருச்சிலுவையின் அன்பர்' என்னும் கன்னியர் சபையும் ஊர்தோறும் தொண்டாற்றியது.

வெனார் சுவாமியாருக்கு உடல்நலம் வாய்க்கவில்லை. நெஞ்சுநோயும் காய்ச்சலும் மாறிமாறி வந்தன. இனிப் பிழையார் என்று எண்ணி அவஸ்தைப்பூசுதல் கொடுத்ததும் உண்டு. பச்சிலையைச் சிறு உருண்டையாக்கித் தோலின்மேல் வைத்துக் கொளுத்திச் சூடு போடும் நாட்டு வைத்தியத்திற்கும் உடன்பட்டார். ஊருக்குத் திரும்பிப் போகலாமே என்ற பேச்சுக்கு அவர் இடம் கொடுக்கவில்லை. நோயில் கிடந்தபோதும் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் வேடிக்கைப் பேச்சும் பாட்டும் குறையவில்லை. பலம் சற்றுத் திரும்பியதும் மீண்டும் படகு, மீண்டும் பாவசங்கீர்த்தனம், விடியுமுன் திருப்பலி.

மூன்று துவாரங்களின் வெளிச்சம்

தூ துக் மன்னரின் ஆட்சியில் வேதகலாபனை கடுமையாயிற்று. 1858 செப்டம்பரில் பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்கள் தூரான் துறைமுகத்தைத் தாக்கின. 1859 பிப்ரவரியில் சைகோன் வீழ்ந்தது. தங்கள் நாட்டின்மீது படையெடுத்த வெள்ளையரின் உளவாளிகள் என்று குருமாரை அதிகாரிகள் கருதினார்கள். கப்பல்களின் பீரங்கி முழக்கம் கிறிஸ்தவ மக்களுக்கு விடுதலையைக் கொண்டுவரவில்லை. அவர்கள் துன்பத்தையே பெருக்கியது. இதை நாம் மறைக்காமல் சொல்லவேண்டும். சிலுவையும் பீரங்கியும் ஒரே கப்பலில் வந்ததாக ஒரு மக்களினம் எண்ணும்போது, அதற்குரிய விலையை ஏழை விசுவாசிகளே முதலில் கொடுக்கிறார்கள்.

காட்டில் ஒளிந்து வாழ்ந்த ஆயர் ரெத்தோர், 1858 அக்டோபர் 22-ல் காய்ச்சலால் இறந்தார். வெனார் சுவாமியாரோ ஊர் ஊராக மாறினார். சில நாள் குகையில், சில நாள் இரட்டைச் சுவர்களின் இடைவெளியில், சில நாள் கன்னியர் இல்லத்தில். ஒரு சமயம் ஓர் ஆயரும் அவருமாக மூன்று வேதபோதகர்கள், பாய் விரித்தால் நிறைந்துவிடும் அளவான ஓர் அறையில் இரவும் பகலும் அருகருகே முடங்கிக் கிடந்தார்கள். காற்றும் வெளிச்சமும் வருவதற்கு மண்சுவரில் சுண்டுவிரல் பருமனில் மூன்று துவாரங்கள். அவற்றையும் வெளியிலிருந்து யாரும் காணாதபடி, வீட்டுக்காரக் கிழவி விறகுக்கட்டுகளைச் சாய்த்து மறைத்துவைத்தார். காலடியில், ஆபத்து நேரத்தில் இறங்குவதற்காக இராக்காலத்தில் தோண்டிய ஒரு நிலவறை. அதற்கு மூங்கில் குழாய் வழியாகக் காற்று. நாய் குரைத்தால் கதவு சாத்தப்படும். அந்நியர் குரல் கேட்டால் பேச்சு நின்றுவிடும்.

அந்த இருட்டில் அவர் என்ன செய்தார்? கட்டளை ஜெபம் சொன்னார், ஜெபமாலை செய்தார், புதிய ஏற்பாட்டின் நிருபங்களை வியட்நாம் மொழியில் பெயர்த்தார். தம் ஆன்மாக்களை நேரில் காண இயலாத மேய்ப்பர், அவர்கள் நாளை வாசிக்கத்தக்க வேதவாக்கியத்தை எழுதிவைத்தார். இரவானால் வெளியே வந்து நோயாளிகளைச் சந்தித்தார்.

அன்பார்ந்த பங்கு மக்களே, இங்கே சற்று நின்று அந்த விறகுக்கட்டை எண்ணிப் பாருங்கள். உள்ளே இருந்தவர் பிடிபட்டால் அவருக்கு வேதசாட்சி முடி, சரித்திரத்தில் பெயர். வெளியே விறகு சாய்த்த கிழவி பிடிபட்டால் அவருக்குச் சிறை, அடி, சொத்துப் பறிமுதல். அவர் பெயரை எந்த ஆலயமும் தாங்கவில்லை. ஆயினும் ஒவ்வொரு நாளும் விறகைச் சாய்த்தார். ஒவ்வொரு நாளும் சோறு வடித்துக் கொடுத்தார். குரு மக்களுக்கு நற்கருணை வழங்கினார். மக்கள் குருவுக்கு உயிரையே வழங்கினார்கள். இதுதான் பங்கு என்பது.

இத்தகையோரில் ஒருவரைத் திருச்சபை பெயர் சொல்லி வணங்குகிறது. ஆறு பிள்ளைகளின் தாயான புனித ஆக்னஸ் லே தி தான், தன் வீட்டில் குருக்களுக்குப் புகலிடம் அளித்ததற்காகப் பிடிபட்டு, 1841 ஜூலை 12-ல் சிறையிலே உயிர்நீத்தார்.

கூண்டும் கடிதமும்

1860 நவம்பர் 30, அர்ச். பெலவேந்திரர் திருநாள். கே பெயோ என்ற ஊரில் ஒரு விதவையின் வீட்டில் வெனார் சுவாமியார் தங்கியிருந்தார். படகுகளில் ஆட்கள் வந்து இறங்கி வீட்டைச் சூழ்ந்தார்கள். இரட்டைச் சுவர்களின் நடுவே அவர் ஒளிந்தார். வந்தவர்களின் தலைவன் சுவரை உதைத்து உடைத்து அவரை வெளியே இழுத்தான். அவருடைய உபதேசியாரும் உடன் பிடிபட்டார். குருவை மூங்கில் கூண்டில் அடைத்து ஹானோய் நகருக்குச் சுமந்து சென்றார்கள்.

விசாரணையில் சிலுவையை மிதிக்கும்படி சொன்னார்கள், மறுத்தார். ஐரோப்பியக் கப்பல்களைப் பற்றிக் கேட்டபோது, வேதத்திற்கும் யுத்தத்திற்கும் சம்பந்தமில்லை என்றார். மன்னர் அனுப்பினால் போரை நிறுத்தும்படி அந்தப் படைத்தலைவர்களிடம் போய்க் கேட்பதாகவும், அவர்கள் இணங்காவிட்டால் திரும்பிவந்து சாவை ஏற்பதாகவும் பதில் கூறினார். அதிகாரிகள் பலர் அவரை மரியாதையோடு நடத்தினார்கள். காவலர்கள் கூண்டருகே அமர்ந்து அவருடைய பாட்டைக் கேட்டார்கள்.

அங்கேயும் பங்கு மக்கள் அவரைக் கைவிடவில்லை. அந்நாட்டுக் குரு ஒருவர் யாரும் அறியாமல் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்டார். கிறிஸ்தவப் பெண் ஒருவர் தேவநற்கருணையை மறைவாகக் கொண்டுவந்து கொடுத்தார். கூண்டில் இருந்தபடியே தந்தைக்கும் அக்காளுக்கும் தம்பிகளுக்கும் விடைபெறும் கடிதங்கள் எழுதினார். 1861 ஜனவரி 20-ல் எழுதிய அக்கடிதங்களில் புலம்பல் இல்லை. தம் சாவை, தோட்டக்காரர் தம் விருப்பத்திற்குப் பறித்துக்கொள்ளும் வசந்தகாலப் பூவாகவே அவர் கண்டார்.

பிப்ரவரி 2, ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த மெழுகுதிரித் திருநாள். அன்று புத்தாடை உடுத்து, இலத்தீன் சங்கீதங்களைப் பாடிக்கொண்டே கொலைக்களம் சென்றார். ஐந்து வெட்டுகளில் தலை வீழ்ந்தது. அவருக்கு வயது 31.

சிறுமலர் கண்ட புனிதர்

அடுத்த ஆண்டு 1862 ஜூனில் சைகோன் உடன்படிக்கை வேத சுதந்திரத்தை அறிவித்தது. 1865-ல் அவர் உடல் பாரிஸ் குருமடத்திற்குக் கொண்டுவரப்பட்டது. 1909 மே 2-ல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் அவருக்கு முத்திப்பேறுபட்டம் அளித்தார். 1988 ஜூன் 19-ல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால், வியட்நாம் வேதசாட்சிகள் 117 பேரைப் புனிதர் என அறிவித்தபோது இவரும் அவர்களில் ஒருவர். அந்த 117 பேரில் 96 பேர் வியட்நாம் மக்கள்; ஸ்பானியர் 11, பிரெஞ்சுக்காரர் 10. பொதுநிலையினர் மட்டும் 59 பேர். எண்ணிக்கையே பேசுகிறது: அந்தத் திருச்சபை வெளிநாட்டாரின் தோளில் நிற்கவில்லை.

நம் வீடுகளில் ரோஜாப்பூவோடு காட்சிதரும் சிறுமலர் குழந்தை தெரேசம்மாள், தம் கடைசி ஆண்டில் வெனார் சுவாமியாரின் சரிதையையும் கடிதங்களையும் வாசித்தார். ஹானோய் கார்மேல் மடத்திற்குச் செல்ல ஆசைப்பட்டு, நோயால் இயலாது கிடந்த காலம் அது. அவருடைய படத்தைப் படுக்கைத் திரையில் குத்திவைத்திருந்தார். அவரிடம் தமக்கு ஏன் இத்தனை பிரியம் என்பதற்குத் தெரேசம்மாள் சொன்ன காரணம் எளிது: அவர் வாழ்வு சாதாரணமானது, அவர் குடும்பத்தை மிக நேசித்தார், எப்போதும் மகிழ்ச்சியாயிருந்தார். மடத்தைவிட்டு வெளியே போகாத அந்தச் சகோதரியையே 1927-ல் திருச்சபை, புனித சவேரியாரோடு சேர்த்து வேதபோதக நாடுகளின் பாதுகாவலியாக்கியது.

ஜூபிலி ஆண்டில் நாம் கோபுரத்தையும் கொடிமரத்தையும் பார்த்து மகிழ்கிறோம். பணியாற்றிய குருக்களின் பெயர்களைக் கல்லில் பொறிக்கிறோம். நன்றே. அவர்களுக்குச் சோறு வடித்தவர், மொழி சொல்லிக் கொடுத்தவர், நோயில் விழித்திருந்தவர், மழையில் மாட்டுவண்டி ஓட்டியவர் ஆகியோரின் பெயர்கள் கல்லில் இல்லை. ஆண்டவர் ஏட்டில் உண்டு. நம் பிள்ளைகளில் ஒருவர் நாளை தூரதேசத்திற்கு வேதபோதகம் செய்யப் புறப்படலாம். மற்ற நாம் எல்லாரும் விறகுக்கட்டைச் சாய்த்து வைக்கும் வேலைக்கு அழைக்கப்பட்டிருக்கிறோம். அந்த அழைப்புக்கு உண்மையாயிருக்க, புனித தெயோபான் வெனாரும் பெயர் அறியாத அந்த மூதாட்டியும் நமக்காக வேண்டிக்கொள்வார்களாக!